செல்வமும் சித்தசாந்தியும்: ஏலமலை அடிவாரத்திலிருந்து ஒரு விசாரணை



இச்சொற்பொழிவு நடைபெறுவதற்கு ஆதாரமாக இருக்கும் அறக்கட்டளைப் பொருளைப் பற்றியே முதலில் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் தம் ஆயுட்காலத்தில் உழைத்துச் சேர்த்த திரவியத்தில் ஒரு பகுதியைத் தாமும் தொடாமல், தம் சந்ததியாரும் தொடாதபடி முதலை முதலாகவே நிறுத்தி, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஊரார் ஒன்றுகூடி ஏதேனும் ஒரு விஷயத்தைச் சிந்திக்கட்டும் என்று எழுதிவைக்கிறார் என்றால், அவருக்கும் பணத்துக்கும் இடையே பயமும் பேராசையும் நீங்கிய ஓர் உறவு உண்டாகியிருக்க வேண்டும். அத்தகைய உறவு எப்படி உண்டாகிறது, உண்டாகாமல் கெட்டுப்போனவர்களுக்கு அதை மீட்டுக்கொள்ளும் மார்க்கம் என்ன என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

முதலை நிறுத்தி வட்டியைத் தர்மத்துக்கு விடுவது நம் நாட்டில் நேற்று வந்த பழக்கமன்று. 1010-ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களைப் படித்தவர்கள் அறிவார்கள்: கோயிலுக்கு அளிக்கப்பெற்ற காசுகள் ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டன, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டியாக வந்தது, அவ்வட்டியிலிருந்து நித்திய கைங்கரியங்கள் நடந்தன. ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்ற கணக்கும் அக்காலத்துக் கல்வெட்டுகளில் வழக்கமாகக் காணப்படுவதே. பொன்னை நிறுப்பதற்கு அக்கோயிலில் பயன்பட்ட எடைக்கல்லுக்கே ஆடவல்லான் என்று இறைவனுடைய திருநாமம் இடப்பட்டிருந்தது. இதை நினைக்குந்தோறும் என் மனம் நெகிழ்கிறது. தெய்வத்தின் பெயர் தாங்கிய கல்லை ஒரு தட்டில் வைத்துவிட்டு, மற்றொரு தட்டில் பொய்யை எவன் வைப்பான்? அரசன் கொடுத்த நகையின் எடையும், அதில் பதித்த மணிகளின் எண்ணிக்கையும், பணத்தைப் பெற்றுக்கொண்ட சபையின் பெயரும், அது இறுக்க வேண்டிய வட்டியும், போகிறவர் வருகிறவர் எல்லோரும் காணும்படி கல்லில் வெட்டப்பட்டன. பக்தியும் கணக்கும் ஒரே சுவரில் குடியிருந்த காலம் அது.

இனி நம் ஊருக்கு வருவோம். போடிநாயக்கனூரில் பணத்தின் போக்கு சமவெளி ஊர்களில் உள்ளதைப் போன்றதன்று. மேற்கே போடிமெட்டின் வளைவுகளில் ஏறி அப்பால் இறங்கினால் திருவிதாங்கூர் மன்னர்கள் காலத்திலிருந்தே ஏலமலை என்று பெயர் பெற்ற காடு; அங்கே விளைகிற ஏலக்காய் விலை பெறுவதோ இங்கே. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் நம் போடியிலும் நடைபெறுகிறது. ஏலத்தோட்டக்காரர்களின் சங்கம் இவ்வூரில் ஒரு கல்லூரியையே நிறுவி நடத்துகிறது. இவ்வளவு பெருமைக்கும் மூலமாகிய அந்தச் சிறு காய், விலை விஷயத்தில் சஞ்சல சுபாவம் உடையது. 2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் அதை அடுத்து வந்த வறட்சியும் தோட்டங்களை அழித்த பின்பு, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோவுக்கு 7,000 ரூபாய் என்ற உச்ச விலை கிடைத்தது; மூன்று ஆண்டுகள் நிறைவதற்குள் அதே காய் ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. செடியோ இந்த ஏற்ற இறக்கத்தை அறியாது. நாற்பது ஐம்பது நாட்களுக்கு ஓர் எடுப்பு எடுத்தே ஆக வேண்டும். நாலரை ஐந்து கிலோ பச்சைக் காயை ஸ்டோர் என்னும் உலர்த்துக்கூடத்தில் காயவைத்தால்தான் ஒரு கிலோ விற்பனைக்கு வரும். உரமும் மருந்தும் கூலியும் விறகும் விலை இறங்கிவிட்டது என்று தயவு காட்டுவதில்லை.

ஆகவே இவ்வூரில் பணம் மலைமழையைப் போல வருகிறது. கொட்டுகிற வருஷத்தில் அது இனி எக்காலத்தும் கொட்டிக்கொண்டே இருக்கும் என்ற பிரமை உண்டாகிறது. மாடி எழும்புகிறது, வண்டி வருகிறது, கலியாணம் ஊரே பேசும்படி நடக்கிறது. ஓய்ந்த வருஷத்தில், அந்த மாடிக்கும் வண்டிக்கும் கலியாணத்துக்கும் வாங்கிய கடனின் வட்டி, வீட்டின் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அப்பொழுதுதான் மனிதன் தன் கடன்பத்திரங்களை இரும்புப் பெட்டியின் அடியில் தள்ளுகிறான். வங்கியிலிருந்து வந்த கடிதத்தைப் பிரிக்காமல் நாட்காட்டிக்குப் பின்னே செருகுகிறான். மனைவி கேட்டால் எரிந்து விழுகிறான். இத்தனைக்கும் அவன் கெட்டவன் அல்லன்.

விலை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் ஒரே நிலையில் இருப்பவர்களையும் நாம் மறத்தல் ஆகாது. வைகறையில் போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கோம்பையிலிருந்தும் ஜீப்புகளில் நெருக்கி உட்கார்ந்து மலையேறி, அந்தியில் இறங்கும் பெண்மக்களைச் சொல்கிறேன். அவர்கள் கையில் வருவது நாட்கூலி; அதிலிருந்து குழு லோனுக்கு வாரத் தவணை, அடகிலிருக்கும் தோட்டுக்கு வட்டி, முன்பணம் கொடுத்தவருக்குப் பிடித்தம். வீரபாண்டித் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்டதை நிறைவேற்றாமலும் இருக்க முடியாது. இவர்களிடத்தில் போய் மனத்தைத் திருத்திக்கொள், பணம் தானே வரும் என்று உபதேசிப்பது பெரும் பாதகம். ஆனால் அவ்வாறு உபதேசிப்போர் பெருகிவிட்டார்கள். செல்வத்தை மனத்தில் சித்திரித்துக்கொண்டால் செல்வம் ஈர்க்கப்பட்டு வந்து சேரும் என்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள்; வராவிட்டால் உன் நம்பிக்கையில் குறை என்கிறார்கள். மறுபுறத்தில், பணம் மாயை, அதைப் பற்றி நினைப்பதே பந்தம் என்று கூறிக் கணக்கை மனைவியின் தலையிலோ தம்பியின் தலையிலோ போட்டுவிட்டு வேதாந்தம் பேசுவோரும் உண்டு. இவ்விரு கூட்டத்தாரும் எதிரெதிர்த் திசையில் நடப்பவர்களாகத் தோன்றினும் செய்கிற காரியம் ஒன்றே: உள்ளது எவ்வளவு, பட்டது எவ்வளவு என்று கண் திறந்து பாராமல் இருக்க ஒரு வழி தேடுகிறார்கள்.

பாராமல் இருப்பதால் வருகிற கேடு அச்சத்தோடு நிற்பதில்லை. நம் கணக்கை நாம் எழுதாவிட்டால் அது எழுதப்படாமல் போய்விடுவதில்லை, வேறொருவர் எழுதுகிறார். இதற்குச் சாட்சி வேண்டுமாயின் மலைத்தோட்டங்களின் சரித்திரமே போதும். நம் பக்கத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்களிடையே துண்டு என்றொரு முறை இருந்தது. ஒரு தொழிலாளி, தன் கங்காணிக்கும் தோட்டத்துக்கும் இவ்வளவு பாக்கி, அதைத் தீர்ப்பவர் இவரை அழைத்துக்கொண்டு போகலாம் என்று கண்ட ஒரு சீட்டுக்குக் கட்டுண்டிருந்தார். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர் படிக்க இயலாது. பயணச் செலவு எத்தனை, அரிசி எத்தனை, கம்பளி எத்தனை என்று கூட்டியவர் கங்காணி. தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறியது அந்தச் சீட்டு. அதன் பின்னால் நடந்து போனது குடும்பம். 1921-இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், தன் பற்று எவ்வளவு என்று பிறர் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையில் ஒருவன் இருக்கும் வரையில், துண்டு வேறு உருவங்களில் உயிரோடு இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

கணக்கையே சத்தியத்தின் அநுஷ்டானமாகக் கொண்டு வாழ்ந்த ஒருவரை இங்கே நினைவுகூர விரும்புகிறேன். அவர் இறுதி ஆண்டுகளைக் கழித்த இடம் இவ்வூரிலிருந்து ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேரக்கூடிய தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமம். ஜே. சி. குமரப்பா 1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் கணக்காயர் பயிற்சி பெற்றுப் பம்பாயில் தணிக்கைத் தொழிலைச் சிறப்பாக நடத்திவந்தவர், பின்பு அமெரிக்கா சென்று கொலம்பியா சர்வகலாசாலையில் பொதுநிதியைப் பற்றி ஆராய்ந்தபொழுது, இந்தியாவின் வறுமைக்கும் அதன் அரசாங்க வரவு செலவுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கண்டார். கண்ட பிறகு பழைய வாழ்வுக்குத் திரும்ப அவரால் முடியவில்லை. 1929-இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். மேனாட்டு உடையைக் களைந்தார். குஜராத்தில் மாதர் தாலுகாவின் கிராமங்களில் வீடுவீடாகச் சென்று குடியானவனுடைய வரவையும் செலவையும் கடனையும் எழுதி எடுத்தார். கொழுத்த கம்பெனிகளின் பேரேடுகளைத் தணிக்கை செய்த அதே கண், அன்று முதல் ஏழையின் அடுப்படிக் கணக்கைத் தணிக்கை செய்யலாயிற்று.

1931-இல் காங்கிரஸ் மகாசபை, இந்தியாவின் பெயரில் எழுதப்பட்டிருந்த பொதுக்கடன் எவ்வளவு நியாயமானது என்று விசாரிக்க ஒரு குழுவை அமைத்தது. குமரப்பா அதில் அங்கம் வகித்தார். இந்திய எல்லைக்கு அப்பால் பிரிட்டன் நடத்திய யுத்தங்களின் செலவை இந்தியன் தலையில் ஏற்றியது தகாது என்பது அக்குழு எடுத்துரைத்தவற்றுள் ஒன்று. கடன் என்று காகிதத்தில் கண்ட மாத்திரத்தில் தலைகுனியாமல், இதை எழுதியது யார், எதற்காக வாங்கப்பட்டது, பயன் யாருக்குப் போயிற்று என்று ஒரு தேசமே நிமிர்ந்து நின்று கேட்ட சந்தர்ப்பம் அது. நம் வீட்டுக் கடனையும் இப்படிக் கேட்கலாம், கேட்கவே வேண்டும் என்பதை நான் அவரிடமிருந்தே கற்றேன்.

1934-இல் பீகாரைப் பூகம்பம் உலுக்கியபொழுது நிவாரண நிதியின் கணக்குப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் உணவுக்கு நாளொன்றுக்கு மூன்று அணா என்று அவர் வரையறுத்தார். நிவாரணக் குழுவின் கூட்டத்துக்காகக் காந்தியடிகள் பரிவாரத்தோடு பாட்னாவுக்கு வந்தார். அந்தப் பரிவாரத்தின் செலவை நிவாரண நிதியில் எழுத இயலாது என்று காந்தியடிகளின் செயலாளர் மகாதேவ தேசாயிடம் குமரப்பா தெரிவித்துவிட்டார். விஷயம் காந்தியடிகளின் செவிக்கு எட்டிற்று. அவர் விவரம் கேட்டறிந்தார். கணக்காயர் சொன்னதே முறை என்று ஏற்றுக்கொண்டார். குருவின் பாலுக்கும் பழத்துக்கும் ஆன செலவைக்கூட அநாதைகளின் பணத்தோடு கலக்க மறுத்த சிஷ்யனும், அதற்காக அவனை அதிகமாக நேசித்த குருவும் வாழ்ந்த நாடு இது. காந்தியடிகளும் இவ்விஷயத்தில் இளமையிலேயே தேர்ந்தவர். லண்டனில் மாணவராக இருந்தபொழுது ஒவ்வொரு செப்புக்காசுச் செலவையும் எழுதி, இரவில் இருப்பைச் சரிபார்த்த பிறகே படுக்கச் சென்றதாகச் சுயசரிதையில் சொல்கிறார்.

குமரப்பாவின் ஆன்மிகம் அவருடைய பேரேட்டுக்கு வெளியே இருந்ததன்று. சிறைவாசத்தில் அவர் எழுதிய இரண்டு நூல்களில் ஒன்று கிராமப் பொருளாதாரத்தின் நிலைபேற்றைப் பற்றியது. மற்றொன்று ஏசுநாதரின் வாழ்வையும் உபதேசத்தையும் பற்றியது. காந்தியடிகள் அவருக்குத் தெய்வ சாஸ்திரத்திலும் கிராமத் தொழிலிலும் இரு டாக்டர் பட்டங்களைத் தாமாகவே சூட்டி மகிழ்ந்தார். கல்லுப்பட்டிக் குடிலின் சுவரில் ஓர் ஏழைக் குடியானவனின் படம் இருந்தது. காந்தியடிகள் தம் எஜமானர், காந்தியடிகளுக்கு எஜமானன் இவன் என்று வந்தவர்களுக்கு அவர் காட்டுவாராம். கணக்கு எழுதுபவன் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது அந்தப் படத்தில் அடங்கியிருந்தது. 1960-இல் ஜனவரி 30-ஆம் தேதி, காந்தியடிகள் மறைந்த அதே நாளில், அவர் காலமானார்.

இத்தகைய நிஷ்டை மகான்களுக்கே உரியது, சாமானியருக்கு எட்டாதது என்று எவரும் சொல்லற்க. எழுத்தறியாத பெண்கள் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். மதுரையை அடுத்த புல்லுச்சேரியில் கூலி வேலை செய்த சின்னப்பிள்ளை அம்மையார், களஞ்சியம் என்ற சிறுசேமிப்புக் குழுக்களை வளர்த்தவர்களில் முதன்மையானவர். அவருக்கு ஸ்திரீ சக்தி விருதை வழங்கிய அன்றைய பிரதமர் வாஜ்பாய் அவர் பாதத்தைத் தொட்டு வணங்கியதும், 2019-இல் அவர் பத்மஸ்ரீ பெற்றதும் நீங்கள் அறிந்ததே. விருதுகளைவிட என்னைக் கவர்வது அக்குழுக்களின் கூட்டமுறை. பெண்கள் வட்டமாக அமர்கிறார்கள். யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு கடன், பாக்கி என்ன என்று வாய்விட்டுப் படிக்கப்படுகிறது. தஞ்சைச் சுவர் செய்த காரியத்தைத்தான் அந்த வட்டம் செய்கிறது. தனியே இருட்டில் வைத்திருந்தபொழுது அவமானமாக இருந்த கடன், பத்துப் பேர் நடுவில் உரக்கச் சொல்லப்பட்டதும் வெறும் தொகையாகிவிடுகிறது; தொகையானால் கழிக்கலாம், வகுக்கலாம், தவணை போடலாம்.

நம் வணிகர்களும் இந்த ரகசியத்தை அறிந்தே இருந்தார்கள். சரசுவதி பூஜையில் கணக்குப் புத்தகத்தைத் தெய்வத்தின் முன் வைத்து எடுப்பதும், புதுக்கணக்கின் தலைப்பில் பிள்ளையார் சுழி இடுவதும் வெறும் சம்பிரதாயம் என்று இன்று தோன்றலாம். என் மனத்துக்கு அப்படித் தோன்றவில்லை. இதற்குள் பொய் எழுதமாட்டேன் என்ற பிரதிக்ஞை அது. நகரத்தார் தங்கள் பேரேட்டில் தெய்வத்துக்கே தனிப்பற்று வைத்திருந்தனர். வியாபாரத்தின் பங்காளியாக முருகனும் பிள்ளையாரும் வரவு பெற்றனர். நாடார் பெருமக்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்து, அப்பொது நிதியைக் கொண்டு விருதுநகரில் 1889-இலேயே க்ஷத்திரிய வித்தியாசாலையை எழுப்பினர். தனக்கென்று எழுதும் ஏட்டில் பிறருக்கென்று ஒரு பத்தியை ஒதுக்கியவனுக்குப் பணத்தின் மீதுள்ள பிடி தானே தளர்கிறது. தளர்ந்த கைக்குத்தான் எழுதுகோல் நிதானமாக நிற்கும்.

இனி இம்மலைச்சரிவில் இதை எவ்வாறு அநுசரிப்பது என்று சில சொல்கிறேன். சிறு தோட்டக்காரருக்கு முதல் வேண்டுகோள், தோட்டக் கணக்கையும் வீட்டுக் கணக்கையும் இரண்டு ஏடுகளாகப் பிரிக்க வேண்டும் என்பதே. காய் விற்ற பணம் முதலில் தோட்ட ஏட்டில் வரவாகட்டும். கூலி, உரம், மருந்து, கவாத்து, உலர்த்தும் செலவு, அடுத்த எடுப்புவரைக்கும் வேண்டிய முன்செலவு ஆகியவை கழிந்த பின்பு, மாதச் சம்பளம் கொடுப்பதுபோல் ஒரு தொகை மட்டும் வீட்டு ஏட்டுக்கு வரட்டும். அத்தொகையை இவ்வாண்டின் விலையைக் கொண்டு நிர்ணயிக்கலாகாது. தம் நினைவிலுள்ள ஆண்டுகளில் மிகத் தாழ்ந்த விலை எதுவோ அதைக் கொண்டு நிர்ணயித்துவிட்டால், உச்ச விலை வருகிற ஆண்டில் எஞ்சுவது யாருடைய கண்ணையும் கூசச் செய்யாமல் கையிருப்பாக நிற்கும்.

கூலி வாங்கும் குடும்பத்துக்கு நான் சொல்வது வேறு. அவர்களுக்குச் சேமிப்பைப் பற்றி உபதேசிக்க எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் ஏட்டில் முதலில் எழுத வேண்டியது கடன்: யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு, என்ன வட்டி, இதுவரை கட்டியது எவ்வளவு. மூன்று வட்டி என்று வாய்க்கு எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு அது மாதம் 1,500, ஆண்டுக்கு 18,000, மூன்று ஆண்டு நிறையுமுன்பே வாங்கிய முதலுக்குச் சமமான பணத்தை வட்டியாகக் கட்டிவிட்டு முதலை அப்படியே தலையில் சுமக்கிறோம். பத்து வட்டியானால் பத்தே மாதம். இதைக் காகிதத்தில் கண்ட தாய், அடுத்த கலியாணத்துக்குக் கடன் கேட்கப் போகுமுன் ஒரு கணம் நிற்பாள். கொடுத்தவர் மீண்டும் மீண்டும் அதே பாக்கியைச் சொன்னால், கட்டிய தேதிகளைக் காட்டி எதிர்த்துக் கேட்பாள். கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் நம் மாநிலத்தில் 2003-இலிருந்து இருக்கிறது. கட்டியதற்கு எழுத்துமூலமான சான்று இல்லாதவர்க்கு அந்தச் சட்டத்தின் கதவைத் தட்டுவதே கடினம். கடன் பூர்வஜன்ம வினை என்று இவர்களிடம் சொல்பவர் யாராயினும், அவர் கடன் கொடுத்தவருடைய காரியஸ்தராகவே பேசுகிறார்.

எழுதும் வேளை விளக்கேற்றும் வேளையாக இருக்கட்டும். கணவனும் மனைவியும் சேர்ந்தே எழுதட்டும். சாராயத்துக்குப் போனதும், ஏமாந்ததும், பொய் சொல்லி வாங்கியதும் மறைக்காமல் அதில் ஏறட்டும். எழுதுகிற நேரத்தில் ஒருவரையொருவர் குற்றம் சாட்டுவதில்லை என்ற விரதம் மட்டும் வேண்டும். இங்கேதான் தெய்வ சிந்தனையின் உதவி அவசியமாகிறது. தன் தவற்றைத் தானே வெறுக்காமல் பார்ப்பது மனித சக்திக்குச் சிரமமான காரியம். தன்னைவிடப் பெரிய கருணை ஒன்று தன்னோடு சேர்ந்து அந்த ஏட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற உணர்வு உள்ளவனுக்கு அது சாத்தியமாகிறது. முருகன் என்று சொல்க, ஏசு என்று சொல்க, அல்லாஹ் என்று சொல்க. இவ்வூரில் மூவரையும் வணங்குவோர் ஒரே ஜீப்பில் மலையேறுகிறார்கள்.

நிறைவாக இவ்வறக்கட்டளையாருக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இங்கே வணிகவியல் பயிலும் மாணவர்களில் பலருடைய தாய்மார் இன்று காலையிலும் மலையேறியிருப்பார்கள். மாணவர்கள் பிறருடைய ஐந்தொகையைச் சரிபார்க்கக் கற்கிறார்கள். தம் வீட்டுக் கடன்பத்திரத்தை ஒருமுறையேனும் படித்தவர் சிலரே. வாரத்தில் ஒரு மாலை, ஜீப்புகள் இறங்கி வரும் நேரத்துக்குப் பிறகு, கல்லூரியின் ஒரு கூடத்தைத் திறந்துவையுங்கள். குழு லோன் அட்டையையும் நகை அடகுச் சீட்டையும் பிராமிசரி நோட்டையும் எடுத்துக்கொண்டு யார் வந்தாலும், மாணவர்கள் அதைத் தமிழில் படித்துச் சொல்லட்டும். வட்டியைக் கணக்கிட்டு, கட்டியதைக் கழித்து, பாக்கியை வந்தவருடைய சொந்த ஏட்டில் எழுதிக் கொடுக்கட்டும். ஏடு வாங்கும் செலவுக்கும் விளக்குச் செலவுக்கும் இவ்வறக்கட்டளையின் வட்டியில் ஒரு சிறு பங்கை ஒதுக்க இயலுமானால், இச்சொற்பொழிவுக்கென எனக்கு அளிக்கப்படும் தொகையை அதற்கு முதல் வரவாக வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.